பன்னாவின் தலைக்குள் ஒரு கல்: மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பன்னா மீனின் தலையை ஒதுக்காமல் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் உள்ள எலும்பைச் சப்பிக்கொண்டிருக்கும்போது பல்லில் ‘கடக்’ என்று ஏதோ மாட்டும். எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கல். குழம்பில் மண் விழுந்துவிட்டதென்று சமைத்தவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கல் மீனுடையதுதான். பிறந்ததிலிருந்து அந்த மீன் தலைக்குள்ளே சேர்த்துவைத்த ஒன்று.

நான் இருப்பது மும்பையில், சயான் கோலிவாடாவில். நாம் பன்னா என்பதை இங்கே மீன் விற்கும் மௌசிகள் டோமா என்பார்கள். கானாங்கெளுத்தி பாங்க்டா, வஞ்சரம் சுர்மை, வவ்வால் பாப்லெட். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பெரியதாழை. இருபது வயதுவரை வள்ளத்தில் போனவர். ஆகஸ்டில் மீன்பிடித் தடை முடிந்து, இங்குள்ள மீனவர்களான கோலி மக்கள் நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டு, சந்தையில் மீன் குவிகிற நாட்களில் அவரும் நானும் சேர்ந்துதான் மீன் வாங்கப் போவோம். இந்த முறை இரண்டு பாங்க்டாவைக் கையில் எடுத்தேன். ஒன்று ஒரு சாண், மற்றது அதில் பாதிக்குச் சற்று மேல். “பெரியதுக்கு என்ன வயது இருக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டேன். “மீனுக்கு யார் தம்பி பிறந்தநாள் கொண்டாடினார்கள்? பெரியது மூத்தது, சிறியது இளையது, அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மனிதர்களும் மாடுகளும் ஓர் அளவுக்கு வளர்ந்ததும் நின்றுவிடுகிறோம். பெரும்பாலான மீன்கள் அப்படி நிற்பதில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தாலும் சாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன. ஆகையால் நீளத்துக்கும் வயதுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒரே நாளில் பொரித்த இரண்டு குஞ்சுகளில் ஒன்றுக்கு நல்ல தீனி கிடைத்திருக்கும், மற்றது பட்டினி கிடந்திருக்கும். பல இனங்களில் பெண் மீன் ஆணைவிடப் பெரிதாக வளரும். வயது ஏற ஏற வளர்ச்சி மெதுவாவதால், ஐந்து வயது மீனும் எட்டு வயது மீனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். ஒற்றை மீனைத் தூக்கிப் பார்த்து வயது சொல்வது, ஒருவரின் உயரத்தைப் பார்த்து வயது சொல்வதைப் போன்றது. குழந்தைகளுக்குப் பலிக்கும். நாற்பதுக்கு மேல் பலிக்காது.

ஒன்றை விட்டுவிட்டுக் கும்பலைப் பார்த்தால் என்ன? இப்படி யோசித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மீன்வள ஆய்வாளர் பீட்டர்சன், 1890களில். ஆய்வுக்கூடம் வேண்டாம்; மீனை வெட்டவும் வேண்டாம். ஓர் அளவுப் பலகையும் ஒரு நோட்டும் போதும்.

அவர் முறையை விளக்க நான் ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்கிறேன். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு காணாமல் போய்விட்டது. யார் எந்த வகுப்பு என்று தெரியாது. காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து உயரத்தை மட்டும் அளக்கிறோம். எந்த உயரத்தில் எத்தனை பேர் என்று கோடு போட்டால் வரைபடத்தில் சில திமில்கள் தெரியும். முதல் திமில் ஒன்றாம் வகுப்பு. அதற்கு அடுத்தது இரண்டாம் வகுப்பு. ஏன் திமில் வருகிறது? பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறைதான் சேர்க்கை நடக்கிறது. மாதந்தோறும் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே இருந்தால் திமிலும் இருக்காது, இடைவெளியும் இருக்காது. எல்லாம் ஒரே மேடாகிவிடும்.

மீனுக்கும் இதே கணக்குதான். ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில் சினை விட்டால், அந்தப் பருவத்துக் குஞ்சுகள் எல்லாம் ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் போல ஒன்றாக வளரும். மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் விடியற்காலையில் இறங்கும் பாங்க்டாவில் இருநூறு முந்நூறை அளந்து, சென்டிமீட்டர் வாரியாகப் பிரித்தால் திமில் தெரியும். அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: செப்டம்பரில் திமில் 13 செ.மீ.யில் இருந்தது, அக்டோபரில் 15க்கு நகர்ந்தது, நவம்பரில் 16.5க்கு வந்தது என்றால், அந்தக் கூட்டம் முதல் மாதத்தில் 2 செ.மீ.யும் அடுத்த மாதத்தில் ஒன்றரையும் வளர்ந்திருக்கிறது. எந்த மீனுக்கும் வயது தெரியாமலேயே வளர்ச்சி வேகம் கையில் கிடைத்துவிட்டது.

அளக்கும்போது எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை என்பதில் கவனம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு நீளம். வால் இரண்டாகப் பிரியும் கவடுவரை இன்னொரு நீளம். பெட்டியில் ஐஸுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே அடிபட்டு வந்த மீனுக்கு வால் நுனி ஒடிந்திருக்கும். கவடு பத்திரமாக இருக்கும். ஒருவர் நுனிவரையும் மற்றவர் கவடுவரையும் அளந்து இரண்டையும் கலந்துவிட்டால், கடலில் இல்லாத திமில் காகிதத்தில் முளைக்கும்.

இந்தியாவில் இந்த நீள அளவு முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் பெரிய இருப்பிடம் நம் ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம், தலைமையகம் பின்னர்தான் கொச்சிக்குப் போனது. அந்த நிறுவனத்தின் ஆட்கள் நாடெங்கும் உள்ள மீன் இறங்குதளங்களுக்குப் போய், எந்தெந்த மீன் எவ்வளவு வந்தது, என்ன நீளம் என்று குறித்துவருகிறார்கள். மும்பையிலேயே வெர்சோவாவில், 1961இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இந்தக் கணக்கை மாணவர்கள் படிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஏலம் போட்டுக்கொண்டிருக்கும் மீனைக் கையில் எடுத்து அளப்பது எளிதல்ல. ‘வாங்குகிறாயா, இல்லையென்றால் நகர்’ என்று ஒரு குரல் வரும். புள்ளிவிவரத்தின் முதல் எதிரி அவசரம்.

திமிலைக் கண்ணால் தேடுவதில் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். அதனால் 1980களின் தொடக்கத்தில் மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி உள்ளிட்டோர் கணினி வழியாகச் செய்ய ஒரு முறையை உருவாக்கினார்கள். பெயர் எலிஃபன். யானைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மின்னணு நீள நிகழ்வெண் (எந்த நீளத்தில் எத்தனை மீன்) ஆய்வு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துச் சேர்க்கை. வெப்பக் கடல் நாடுகளில் அது பெரிதும் பரவியது.

இப்போது இந்த முறையின் ஓட்டைகளைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துக்கே திரும்புகிறேன். வாசலில் ஒரு காவலாளி மூன்றடிக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்றால் ஒன்றாம் வகுப்பே நம் கணக்கில் வராது. வலைக்கண்தான் அந்தக் காவலாளி: சிறிய மீன் நழுவிவிடும், சில வலைகளுக்குப் பெரிய மீன் அகப்படாது. அடுத்து, உயர் வகுப்புகளில் உயரங்கள் கலந்துபோவதைப் போல வயதான மீன்களின் திமில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மூன்றாவது, மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. தடை நல்லதுதான், ஆனால் அளப்பவருக்கு அந்த இரண்டு மாதமும் பதிவேட்டில் வெற்றுப் பக்கம். மே மாதத்தில் விட்ட கூட்டத்தை ஆகஸ்டில் ‘இதுதான் அது’ என்று அடையாளம் சொல்ல வேண்டும். நான்காவதுதான் பெரியது. பாங்க்டா போன்ற மீன்கள் மழைக்காலத்தை ஒட்டிப் பல மாதங்களுக்குச் சினை விடுகின்றன. பள்ளியில் மாதந்தோறும் சேர்க்கை!

இதனால் வந்த குழப்பத்துக்கு பாங்க்டாவே சாட்சி. 1950, 60களின் ஆய்வுகள் சில, அது முதல் ஆண்டில் 12 முதல் 15 செ.மீ. வரைதான் வளரும் என்று கணித்தன. அப்படியானால் சந்தையில் நாம் வாங்கும் ஒரு சாண் மீனுக்கு இரண்டு வயது. பின்னால் வந்தவர்கள் அதே திமில்களை வேறு விதமாகக் கோத்துப் பார்த்து, முதல் ஆண்டிலேயே 20 செ.மீ.யைத் தாண்டிவிடும் என்றார்கள். பிந்தைய கருத்தே இன்று செல்லுபடியாகிறது. அதே மீன், அதே கடல், அதே அளவுப் பலகை. எந்தத் திமிலை எந்தத் திமிலோடு கோப்பது என்பதில் வந்த வேறுபாடு வயதையே பாதியாக்கிவிட்டது. அன்று நான் கையில் எடுத்த பெரிய பாங்க்டாவும் சிறியதும் வெவ்வேறு ஆண்டில் பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பருவத்தின் முன்பாதியிலும் பின்பாதியிலும் பிறந்தவையாகவும் இருக்கலாம்.

வேகம் கிடைத்த பிறகு அதை ஒரு கோடாக வரைய வேண்டும். இங்கே வரும் பெயர் வான் பெர்ட்டலன்ஃபி, ஆஸ்திரிய உயிரியலாளர். 1938இல் அவர் எழுதிய வளர்ச்சிச் சமன்பாடு மீன்வளத்துறையின் வாய்ப்பாடு போல ஆகிவிட்டது. சமன்பாட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதன் சாரம் ஒரு வரி: ஒரு மீன் ஒவ்வோர் ஆண்டும், தான் இன்னும் எட்ட வேண்டிய தூரத்தில் ஒரே விகிதத்தைக் கடக்கிறது.

எண்ணை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு மீன் இனத்தின் உச்ச நீளம் 30 செ.மீ. என்று கொள்வோம். சமன்பாட்டில் ‘கே’ என்ற ஓர் எண் வரும். அது 1 என்றால், ஆண்டுக்கு மீதித் தூரத்தில் சுமார் 63 விழுக்காட்டைக் கடக்கும் என்று பொருள். முதல் ஆண்டு முடிவில் 19 செ.மீ. மீதி 11. அதில் 63 விழுக்காடு கிட்டத்தட்ட 7. இரண்டாம் ஆண்டு முடிவில் 26. மீதி 4. மூன்றாம் ஆண்டு முடிவில் 28.5. இனி ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட ஏறாது. இப்போது உச்சம் 150 செ.மீ., கே 0.2 என்று இன்னொரு மீனை வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுக்கு மீதியில் 18 விழுக்காடுதான் கடக்கும்: முதல் ஆண்டு 27, இரண்டாம் ஆண்டு 49, மூன்றாம் ஆண்டு 68. முதல் ஆண்டு முடிவில் இரண்டாவது மீன்தான் நீளம். அப்படியிருந்தும் அதைத்தான் ‘மெதுவாக வளரும் மீன்’ என்கிறார்கள். தொடக்கத்தில் என்னைக் குழப்பிய இடம் இதுதான். கே என்பது எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. தன் உச்சத்தை எவ்வளவு அவசரமாக நெருங்குகிறது என்பதைச் சொல்கிறது. முதல் மீன் மூன்று ஆண்டில் தன் வாழ்நாள் வளர்ச்சியை முடித்துவிட்டது. இரண்டாவது இன்னும் பாதிகூட வரவில்லை.

சமன்பாட்டில் மூன்றாவதாக இன்னோர் எண்ணும் உண்டு: நீளம் பூஜ்யமாக இருந்த வயது. பெரும்பாலும் அது பூஜ்யத்துக்குக் கீழே வரும், அதாவது பிறப்பதற்கு முன். கோட்டைச் சரியாகப் பொருத்துவதற்கான கணக்குச் சமாதானம் அது. அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எடை வேறு கதை. நீளம் இரட்டிப்பானால் அகலமும் தடிமனும் கூடவே இரட்டிப்பாகும். ஆகவே எடை ஏறக்குறைய எட்டு மடங்கு. 20 செ.மீ. பாங்க்டாவுக்கு ஈடுகட்ட 10 செ.மீ. குஞ்சுகள் எட்டு வேண்டும். குஞ்சைக் கூறுகட்டி விற்கும் இடத்தில் ‘மலிவாக இருக்கிறதே’ என்று தோன்றும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வேன். சில மாதம் பொறுத்திருந்தால் அதே கூறு என்ன எடை இருந்திருக்கும்!

இனி கல்லுக்கு வருகிறேன். என் மனம் இதில்தான் இருக்கிறது.

மீனுக்கு வெளியே தெரியும் காது இல்லை, உள்காது உண்டு. மூளைக்கு இரு பக்கமும் திரவம் நிரம்பிய சிறு பைகள், பக்கத்துக்கு மூன்று கற்கள், மொத்தம் ஆறு. இவற்றைச் செவிக்கற்கள் என்கிறார்கள். நம் பல்லில் மாட்டியது அவற்றில் பெரிய இணையில் ஒன்று. மற்றவை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. சுண்ணாம்புக் கல்லும் முத்தும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட்டுதான் இதிலும். மீனின் உடல் பெரும்பாலும் நீர் போன்ற அடர்த்தி கொண்டது. ஒலி வந்தால் தண்ணீரோடு சேர்ந்து உடலும் அதிரும். கல் கனமானது, ஆகவே ஒரு நொடித்துளி பின்தங்கும். அந்தப் பின்தங்கல் அடியில் உள்ள மெல்லிய முடி போன்ற உணர்செல்களை வளைக்கும். மீன் கேட்பது அப்படித்தான். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிவதும் இதே கற்களால்தான்.

எல்லா மீனுக்கும் கல் ஒரே அளவில் இருப்பதில்லை. அன்று சுர்மைத் தலை ஒன்றையும் வாங்கிவந்தேன். என் இரு கைகளும் கொள்ளாத தலை. அரை மணி நேரம் குடைந்தும் கிடைத்தது அரிசிக் குருணை போல ஒரு துண்டு, அதுவும் ஒடிந்து. பாங்க்டா, சுர்மை, சூரை இந்தக் குடும்பத்துக்குக் கற்கள் சின்னவை, மெல்லியவை. பன்னாவின் தலை இதில் கால்வாசி இராது. கல்லோ பட்டாணியைத் தோற்கடிக்கும். பன்னாவும் கத்தாழையும் கூறலும் காற்றுப்பையை அதிரவைத்துக் ‘கொர் கொர்’ என்று ஒலி எழுப்புகிற குடும்பம். சத்தம் போடுகிற வீட்டில் காதும் பெரிதாக இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னார். அறிவியல் விளக்கம் அவ்வளவு எளிதல்ல, ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

கல்லில் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய படலம் ஏறுகிறது. ஏறியது கரைவதில்லை. எலும்பிலிருந்து கால்சியத்தை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். செதில் உதிர்ந்தால் புதிது முளைக்கும், ஆனால் முளைத்ததன் நடுப்பகுதியில் பழைய கதை எதுவும் இருக்காது. செவிக்கல் மட்டும் எழுதியதை அழிப்பதில்லை. மீன் நன்றாகத் தின்று வேகமாக வளரும் காலத்தில் ஒருவிதப் பட்டை, மெலிந்த காலத்தில் இன்னொரு விதப் பட்டை. ஒன்று ஒளியை மறைக்கும், மற்றது விடும். இந்த இணை ஒன்றை வளையம் என்று எண்ணுகிறார்கள், மரத்தின் வளையத்தைப் போல. செதில்களில் உள்ள வளையங்களை 1898இல் கெண்டை மீனிலும், செவிக்கல் வளையங்களை அதற்கு அடுத்த ஆண்டு ஒரு தட்டை மீனிலும் ஜெர்மானியர்கள் வயதுக்காக எண்ணினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் வளையம் தெளிவாகத் தெரியாது. ஆய்வகத்தில் கல்லைப் பிசினில் பதித்து, வைரத் தூள் பதித்த மெல்லிய தகட்டால் நடுக்கரு வழியாகக் குறுக்கே அறுத்து, காகிதம் போல் தேய்த்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். இன்னொரு பழைய வழியும் உண்டு: கல்லை நடுவில் ஒடித்து, ஒடிந்த முகத்தைத் தீயில் காட்டுவது. உயிர்ப்பொருள் அதிகமுள்ள வளையங்கள் பழுப்பேறி எழுந்து நிற்கும். இதை நான் சமையலறையில் செய்துபார்த்தேன். பன்னாவின் முதல் கல்லை இடுக்கியில் பிடித்து எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் காட்டிக்கொண்டு நின்றேன், தொலைபேசி அடித்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் கல் வெளுத்து, தொட்டதும் விபூதியாக உதிர்ந்தது. இரண்டாவது கல்லைச் சிறு சுடரில், எண்ணி எட்டு வினாடி. டீ நிறத்தில் வந்ததும் எடுத்து, ஒடிந்த முகத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, பேரனின் விளையாட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். நடுவில் ஒரு கறுத்த புள்ளி. அதைச் சுற்றி ஒரு வளையம், சற்றுத் தள்ளி இன்னொன்று, விளிம்புக்கு அருகே நெருக்கமாக மூன்றாவது.

“மூன்று வயதா?” என்றார் அண்ணாச்சி.

“மூன்று வளையம்” என்றேன்.

இரண்டும் ஒன்றல்ல. மீனின் வயதைப் பற்றிப் பேசுகிற பலர் வழுக்கி விழுகிற இடம் இது. வளையத்தை எண்ணுவது எளிது. அந்த வளையம் ஆண்டுக்கு ஒன்றா என்று நிறுவுவதுதான் வேலை.

நார்வே போன்ற குளிர்நாட்டுக் கடலில் குளிர்காலத்தில் வளர்ச்சி படுத்துவிடும், கோடையில் எழும். வளையம் பளிச்சென்று விழும். அங்கே யோர்ட் என்ற விஞ்ஞானி ஹெர்ரிங் மீன்களின் செதில்களைப் படித்து, 1904இல் பிறந்த ஒரே தலைமுறை பல ஆண்டுகள் தொடர்ந்து வலைகளை நிரப்பிவந்ததைக் கண்டார். பிடிபாடு கூடுவதும் குறைவதும் மீன்கள் இடம்பெயர்வதால் மட்டுமல்ல, சில ஆண்டுகளில் குஞ்சுகள் அமோகமாகப் பிழைப்பதாலும்தான் என்று உலகம் தெரிந்துகொண்டது வயதைப் படிக்கத் தெரிந்ததால்தான்.

மும்பைக் கடலில் அந்த வசதி இல்லை. குளிர்காலம் என்று நாம் இங்கே சொல்வதைக் கேட்டால் நார்வேக்காரர் சிரிப்பார். தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் சில டிகிரிகளுக்குள்தான் ஏறி இறங்குகிறது. நம் மீன்களில் வளையம் விழுந்தால் அதற்குக் காரணம் தென்மேற்குப் பருவமழையாக இருக்கலாம், தீனி குறைந்த மாதங்களாக இருக்கலாம், சினைக்குச் சத்தெல்லாம் போய் உடல் மெலிந்த காலமாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு இருமுறை சினைவிடும் மீன் ஆண்டுக்கு இரண்டு வளையம் போட்டுவைத்தால்? மூன்று வளையத்துக்கு ஒன்றரை வயதுதான். நோயில் கிடந்ததற்குக்கூட ஒரு பொய் வளையம் விழலாம்.

நிறுவுவதற்குச் சில வழிகள் உண்டு. மாதந்தோறும் மீன் வாங்கிக் கல்லின் விளிம்பைப் பார்ப்பது ஒன்று: கடைசி வளையத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாதாமாதம் அகன்று, ஆண்டில் ஒரே ஒரு முறை சட்டென்று சுருங்கினால், ஆண்டுக்கு ஒரு வளையம் என்று நம்பலாம். ஆண்டு முழுவதும் மீன் வேண்டும் என்பதால் இங்கும் தடைக்காலம் குறுக்கே நிற்கும். இன்னொன்று, உயிருள்ள மீனுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசி போட்டு விடுவது. அந்த மருந்து அன்று படிகிற கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிடித்து, கல்லைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் ஊசி போட்ட நாள் மஞ்சள் கோடாக மினுங்கும். கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம், இடையில் எத்தனை மாதம்? கணக்கு நேராகிவிடும்.

சிறு மீன்களுக்கு இன்னொரு கதவு திறந்தது 1971இல். ஜோர்ஜியோ பனெல்லா என்பவர் செவிக்கல்லில் ஆண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அகலமே உள்ள நுண்கோடுகளைக் கண்டு, அவை நாளுக்கு ஒன்று என்று காட்டினார். வெப்பக் கடல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆண்டு வளையம் மங்கலாக இருந்தால் என்ன, நாளையே எண்ணிவிடலாமே! ஒரு பாங்க்டாக் குஞ்சுக்கு எத்தனை நாள் வயது என்று தெரிந்தால், அது எந்த வாரம் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்விடலாம். ஆனால் வயது ஏற ஏறக் கோடுகள் நெருங்கிக் கலந்துபோகும். ஓராண்டுக்கு மேல் போனால் எண்ணுகிறவரின் பொறுமையும் கண்ணும்தான் முதலில் தோற்கும்.

எண்ணுவதிலும் ஒரு நாணயம் வேண்டும். ஒரே கல்லை இருவர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், மீனின் நீளமும் தெரியாமல் எண்ண வேண்டும். பெரிய மீன் என்று தெரிந்துவிட்டால் கண் தானாக ஒரு வளையத்தைக் கூட்டிப் பார்க்கும். இருவர் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ணுவார்கள், அப்போதும் ஒத்துவராவிட்டால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். சுறாவுக்கும் திருக்கைக்கும் இப்படிப்பட்ட கல் கிடையாது. அவற்றின் முதுகெலும்பு மணிகளை அறுத்து வளையம் பார்க்கிறார்கள்.

தப்பாக எண்ணினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்றொரு மீன். 1970களின் இறுதியிலிருந்து டன் டன்னாக அள்ளினார்கள். மற்ற மீன்களைப் போல இதுவும் சில பத்தாண்டுகள் வாழும் என்ற எண்ணம் இருந்தது. பிறகு செவிக்கல்லை மெல்லியதாக அறுத்து எண்ணியபோது நூறைத் தாண்டியது. நம்பாதவர்கள் இருந்தார்கள். கல்லுக்குள் இருந்த ரேடியமும் அது சிதைந்து உண்டாகும் காரீயமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்த்தபோதும் நூறுக்கு மேல்தான் வந்தது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே அதற்குச் சுமார் முப்பது ஆண்டு ஆகும். பாட்டன் பூட்டனை எல்லாம் அள்ளிவிட்டு, பேரன் அடுத்த ஆண்டே வந்துவிடுவான் என்று காத்திருந்தார்கள். பல இடங்களில் கூட்டம் சரிந்தது.

பாங்க்டாவின் கதை இதற்கு நேர்மாறு. வேகமாக வளர்கிறது, சீக்கிரம் முட்டையிடுகிறது, சில ஆண்டுகளில் வாழ்நாளை முடித்துக்கொள்கிறது. நல்ல மழையும் தீனியும் வாய்த்தால் ஒரு பருவத்தில் எழுந்துவிடும். அதைக் கிழவனாகும்வரை விட்டுவைத்தாலும் லாபமில்லை. வலைக்கு வராமலே செத்துப்போகும். எந்த மீனை எந்த அளவில் பிடிப்பது என்ற முடிவு இப்படி வயதுக் கணக்கில் வந்து நிற்கிறது. மகாராஷ்டிர அரசு 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிநீளத்தை அறிவித்தது. அதே ஆண்டில் பாப்லெட்டை மாநில மீனாகவும் ஆக்கியது. ஒரு முறையாவது முட்டையிட விட்டுப் பிடி என்பதுதான் அப்படிப்பட்ட நீளங்களுக்கு அடிப்படை. அண்ணாச்சிக்கு இதில் ஒரு முணுமுணுப்பு உண்டு: “வலைக்குள் வந்த பிறகு நீளத்தைப் பார்த்து என்ன செய்வது? செத்த குஞ்சைத் திரும்பக் கடலில் போட்டால் நீந்துமா?” அவர் கேட்பது நியாயம். நீளத்தைச் சந்தையில் சோதிப்பதைவிட வலைக்கண்ணைப் பெரிதாக்குவதுதான் குஞ்சுக்கு உதவும் என்பது என் கட்சியும்.

வீட்டில் யாராவது இதை முயன்று பார்க்க விரும்பினால் பன்னாவிலிருந்து தொடங்குங்கள், சுர்மையிடம் போகாதீர்கள். குழம்பு வைத்த தலையிலிருந்தும் கல் கிடைக்கும், ஆனால் பச்சைத் தலையில் கிடைத்தால் நல்லது. தலையை மல்லாக்க வைத்து, செவுளை நீக்கி, மண்டையின் அடித்தளத்தில் இரு பக்கமும் புடைத்துத் தெரியும் மெல்லிய எலும்பைக் கத்தி முனையால் கீறினால் போதும். கழுவி, துணியில் துடைத்து, காயவைத்து, ஒரு காகித உறையில் போடுங்கள். ஆய்வாளர்களும் அப்படித்தான் வைக்கிறார்கள். கல்லைவிட உறையின் மேல் எழுதுவது முக்கியம். எந்த மாதம் பிடித்தது என்று தெரியாத கல்லுக்கு விளிம்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் பன்னாவின் கற்களில் ஒன்று விபூதியாகிவிட்டது, மற்றது ஒடிந்து கருகிவிட்டது. ஆகவே இன்னொரு பன்னா வாங்கி, அதன் இரண்டு கற்களையும் பத்திரமாக எடுத்து உறையில் போட்டேன். மேலே அண்ணாச்சியின் கையெழுத்து, என்னுடையதைவிட அழகாக இருக்கும் என்பதால்: ‘பன்னா. சயான் கோலிவாடா சந்தை. ஆகஸ்டு மூன்றாம் வாரம். வால் நுனிவரை 31 செ.மீ. பெண், சினை இல்லை. வளையம்:’ என்று எழுதி, அதற்கு எதிரே இடம் விட்டிருக்கிறார். ‘வயது’ என்று முதலில் எழுதியதை அவரே அடித்துவிட்டார்.